மே மாதத் தேர்வும் நவம்பர் மாத முடிவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவர் ஒருவர், கல்லூரி முதலாண்டில் கற்பிக்கப்படும் பாடம் ஒன்றைப் பள்ளியிலேயே கற்று, அதற்கென நாடு முழுவதும் ஒரே நாளில் நடத்தப்படும் பொதுத்தேர்வை எழுதி, பின்னாளில் சேரும் கல்லூரியில் அப்பாடத்தை முடித்தவராகக் கணக்கிடப்படுவதற்கு இடந்தரும் ஏற்பாடு அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் எனப்படும். மாணவர், பெற்றோர், ஆசிரியர் அனைவரும் அதனை ஏ.பி. என்றே சுருக்கி வழங்குகின்றனர். கல்லூரிப் பட்டம் பெறுவதற்கு ஈட்ட வேண்டிய பாட அலகுகள் அங்கே கிரெடிட் எனப்படுகின்றன. ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் கல்லூரி பெருந்தொகை வசூலிக்கும் நாட்டில், அவற்றுள் சிலவற்றைப் பள்ளிப் பருவத்திலேயே நூறு டாலருக்குள் ஈட்டிவிடலாம் என்ற வாய்ப்பு ஆண்டுதோறும் 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவரை இத்தேர்வின்பால் இழுத்துவருகிறது.

இவ்வேற்பாட்டில் மூன்று தரப்பினர் உள்ளனர் என்பதையும், அம்மூவருள் எவரும் மற்றவருக்குப் பொறுப்பேற்பதில்லை என்பதையும் தெளிந்துகொண்டால்தான் தேர்வுக்குப் பெயர் பதிவுசெய்வதில் உள்ள சிக்கல் விளங்கும். வினாத்தாளை உருவாக்குவதும் மதிப்பெண் வழங்குவதும் காலேஜ் போர்டு என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு. மாணவரின் பெயரைப் பதிந்து, கட்டணத்தை வாங்கி, தேர்வுக்கூடம் அமைத்துத் தருவது பள்ளி. மதிப்பெண்ணைப் பார்த்துக் கிரெடிட் தருவதா மறுப்பதா என்று முடிவுசெய்வது கல்லூரி. தேர்வு நடத்தும் அமைப்பு கிரெடிட்டுக்கு உறுதி தருவதில்லை. கிரெடிட் தரும் கல்லூரிக்கும் பெயர்ப்பதிவுக்கும் தொடர்பில்லை. பதிவை ஏற்கும் பள்ளிக்கோ மாணவர் எந்தக் கல்லூரிக்குப் போவார் என்பது தெரியாது.

தொடக்க காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. அன்று இத்திட்டத்தில் சேர்ந்தவர் மிகச் சிலரே. 1950களின் தொடக்கத்தில், ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியோடு, ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் ஆகிய புகழ்பெற்ற உறைவிடப் பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் கூடி ஆராய்ந்து, திறன்மிக்க மாணவர் பள்ளியின் இறுதியாண்டுகளில் படித்ததையே கல்லூரியில் மறுபடியும் படித்துக் காலத்தை வீணாக்குகின்றனர் என்ற முடிவுக்கு வந்தன. கென்யன் கல்லூரித் தலைவர் கோர்டன் சால்மர்ஸ் முன்னின்று நடத்திய மற்றொரு முயற்சியும் அக்காலத்தில் இதே திசையில் சென்றது. இவற்றின் விளைவாகப் பிறந்த திட்டத்தை 1955இல் காலேஜ் போர்டு ஏற்றுக்கொண்டது. 1956இல் அவ்வமைப்பு நடத்திய முதல் தேர்வை எழுதியவர் 1,229 பேர். மேட்டுக்குடிப் பள்ளிகள் சிலவற்றுக்கும் அவற்றின் மாணவரை வழக்கமாகச் சேர்த்துக்கொண்ட கல்லூரிகள் சிலவற்றுக்கும் இடையே ஒருவரையொருவர் அறிந்தோர் செய்துகொண்ட உடன்பாடாக இருந்தவரை, முத்தரப்பும் ஒரே குடும்பத்தைப் போல இயங்கின. அவ்வுடன்பாடே பின்னர் நாடளாவிய பொதுத்தேர்வாக விரிந்தபோதும் பள்ளியின் வழியாகவே பெயர் கொடுக்க வேண்டும் என்ற பழைய விதி மட்டும் மாறாமல் தங்கிவிட்டது.

இன்றைய நடைமுறையில் கல்வியாண்டு தொடங்கியதும் ஆசிரியர் தம் வகுப்புக்கென ஒரு குறியீட்டை மாணவருக்குத் தருகிறார். ஆறு எழுத்துகள் கொண்ட அக்குறியீட்டுக்கு ஜாயின் கோடு என்று பெயர். மாணவர் காலேஜ் போர்டின் மை ஏ.பி. என்னும் இணையவழிக் கணக்கில் நுழைந்து அக்குறியீட்டைப் பதிந்தால் அவ்வகுப்பின் பட்டியலில் அவர் பெயர் ஏறும். பலரும் இத்துடன் பதிவு முடிந்துவிட்டதென்று எண்ணிவிடுகின்றனர். வகுப்புப் பட்டியலில் இருப்பதும் தேர்வுக்குப் பதிவாவதும் வேறு வேறு. தேர்வு எழுத விரும்புகிறாரா என்பதை அதே கணக்கிலோ பள்ளி வகுத்த வேறு வழியிலோ மாணவர் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு, ஏ.பி. ஒருங்கிணைப்பாளர் என்ற பொறுப்பில் இருக்கும் பள்ளி அலுவலர் அவ்விருப்பங்களைத் தொகுத்து, இத்தனை வினாத்தாள் வேண்டும் என்று காலேஜ் போர்டுக்கு ஆணை அனுப்ப வேண்டும். ஒருங்கிணைப்பாளர் ஆணை அனுப்பிய பின்னரே தேர்வில் மாணவருக்கு இடம் உறுதியாகிறது.

பதிவு செய்யக்கூடிய பாடங்கள் ஏறத்தாழ 40. நுண்கணிதம், இயற்பியல், உயிரியல், அமெரிக்க வரலாறு, ஆங்கிலக் கட்டுரை, பொருளியல், உளவியல், கணினி அறிவியல், ஓவியம் எனப் பரந்த பட்டியலில் மொழிகளும் உண்டு. ஸ்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், இலத்தீன், சீனம், ஜப்பானியம் ஆகியவற்றோடு அப்பகுதி நின்றுவிடுகிறது. தமிழ் உட்பட இந்திய மொழி எதற்கும் அதில் இடமில்லாததால், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பல்லாண்டு படித்த அமெரிக்கத் தமிழ்ப் பிள்ளைகள் அத்தகுதியைக் காட்டச் சில மாநிலங்களும் பள்ளி மாவட்டங்களும் வைத்திருக்கும் வேறு மொழித்தேர்வுகளையே நாட வேண்டியுள்ளது. ஒரு மொழி இப்பட்டியலில் நிலைப்பதற்கு எழுதுவோர் எண்ணிக்கையும் பணமும் வேண்டும் என்பதற்கு இத்தாலியத் தேர்வின் வரலாறு சான்று: 2006இல் தொடங்கிய அத்தேர்வு, எழுதுவோர் குறைவு என்ற காரணத்தால் 2009உடன் நிறுத்தப்பட்டு, இத்தாலிய அரசும் அமெரிக்க இத்தாலியர் அமைப்புகளும் நிதி திரட்டித் தந்த பிறகு 2012இல் மீண்டும் நடத்தப்பட்டது.

ஏ.பி. வகுப்பில் அமராதவரும் தேர்வை எழுதலாம் என்பது இத்திட்டத்தின் தாராளமான விதி. தமிழ்நாட்டில் தனித்தேர்வர் எனப்படுவோரின் நிலையை ஒத்தவர் இவர்கள்: தாமாகவே நூல்களை வைத்துப் படித்தவர், வீட்டில் பெற்றோரிடம் கல்வி பெறுபவர், தம் பள்ளியில் அப்பாடம் இல்லாதவர். விதி இவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் திறவுகோல் இன்னொருவர் கையில் இருக்கிறது. தனியொருவர் பெயரைக் காலேஜ் போர்டு நேரடியாகப் பதிவதில்லையாதலால், வெளியாரை ஏற்கும் பள்ளி ஒன்றை இவர்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எந்தப் பள்ளியில் எந்த ஏ.பி. பாடம் அங்கீகாரம் பெற்றுள்ளது என்பதைக் காட்டும் பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டு அருகிலுள்ள பள்ளிகளின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒவ்வொருவராக எழுதியோ தொலைபேசியில் அழைத்தோ கேட்க வேண்டும். ஏற்கும் கட்டாயம் எந்தப் பள்ளிக்கும் இல்லை. கூடத்தில் இடமில்லை, கண்காணிப்பாளர் போதவில்லை, எங்கள் பள்ளியில் அப்பாடத்தை எவரும் எழுதவில்லை என்று பள்ளி கைவிரித்தால் அதற்குமேல் முறையீடு இல்லை. ஏற்கும் பள்ளியும் கண்காணிப்புச் செலவுக்கென்று கூடுதல் தொகை கேட்கலாம். ஏற்றுக்கொண்டால், வகுப்பில் சேராமல் தேர்வு மட்டும் எழுதுவோருக்கென அமைந்த தனிப்பிரிவுக்குரிய குறியீட்டை ஒருங்கிணைப்பாளர் தருவார்.

இதே காலேஜ் போர்டு 1967 முதல் நடத்திவரும் கிளெப் என்ற மற்றொரு கல்லூரித் தரத் தேர்வில் இத்தடை இல்லை என்பது இங்குக் கருதத்தக்கது. அதற்கு வயது வரம்பு கிடையாது. தேர்வர் நேரடியாகப் பெயர் பதிந்து, ஆண்டின் பெரும்பகுதியில் தமக்கு ஏற்ற நாளில், அங்கீகரிக்கப்பட்ட மையம் ஒன்றுக்குச் சென்று கணினியில் எழுதலாம். ஆயினும் பெயர்பெற்ற கல்லூரிகள் ஏ.பி.க்குத் தரும் மதிப்பைக் கிளெப் தேர்வுக்குத் தருவதில்லை. எளிதில் நுழையக்கூடிய தேர்வுக்கு மதிப்புக் குறைவாகவும், மதிப்புள்ள தேர்வுக்கு நுழைவாயில் பிறர் கையிலுமாக அமைந்திருப்பதைத் தற்செயல் என்று கொள்வது கடினம்.

பதிவுக்குரிய காலம் 2019இல் தலைகீழாக மாறியது. அதுவரை மாணவர் பாடத்தின் பெரும்பகுதியைப் படித்து, வகுப்புத் தேர்வுகளில் தம் நிலையை அறிந்து, மார்ச் மாத வாக்கில் பெயர் கொடுத்துவந்தனர். 2019-20 கல்வியாண்டு முதல், மே மாதத்தில் நடைபெறும் தேர்வுக்கு முந்திய ஆண்டின் நவம்பர் நடுப்பகுதிக்குள் பள்ளி ஆணை அனுப்பிவிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அதற்கு ஏதுவாகப் பல பள்ளிகள் தம் மாணவருக்குச் செப்டம்பரிலோ அக்டோபரிலோ கெடு வைக்கின்றன. இரண்டாம் பருவத்தில் தொடங்கும் பாடங்களுக்கு மட்டும் மார்ச் வரை காலம் உண்டு. நவம்பர் கெடுவுக்குப் பின் பெயர் சேர்த்தால் தேர்வு ஒன்றுக்கு 40 டாலர் தாமதக் கட்டணம். பதிந்துவிட்டுப் பின்னர் விலகினாலோ தேர்வு நாளில் வாராவிட்டாலோ அதே 40 டாலர் பிடித்துக்கொள்ளப்படும்.

முன்கூட்டியே பெயர் கொடுத்தவர் பின்வாங்காமல் ஊன்றிப் படிக்கின்றனர் என்பதும், சில மாநிலங்களில் முதலில் சோதித்துப் பார்த்தபோது ஏழை மாணவரும் சிறுபான்மையினரும் தேர்வு எழுதுவதும் தேறுவதும் கூடியது என்பதும் இம்மாற்றத்துக்குக் காலேஜ் போர்டு கூறிய காரணங்கள். இவற்றை வெறும் சாக்கு என்று தள்ள முடியாது. மார்ச்சில் பெயர் கொடுக்கும் முறையில், இடையில் ஒரு வகுப்புத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் மனந்தளர்ந்து ஒதுங்கியவர் பலர் இருந்திருக்கவே வேண்டும். எனினும் பள்ளி ஆலோசகர்களும் பெற்றோரும் எழுப்பிய எதிர்ப்பிலும் பொருள் உண்டு. பாடத்தின் கால்பகுதியைக்கூடக் கடக்காத நிலையில் எட்டு மாதப் படிப்பின் முடிவை ஊகித்து மாணவர் பணம் கட்டுகிறார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் நிலை இன்னும் விந்தையானது: நவம்பரில் அவர்களுள் பலர் கல்லூரிக்கு விண்ணப்பத்தையே அனுப்பியிருக்க மாட்டார்கள், பெரும்பாலான கல்லூரிகளின் முடிவு மார்ச் இறுதியில் தெரியவரும், எந்தக் கல்லூரியில் சேர்வது என்று உறுதிசெய்யும் வழக்கமான கடைசி நாள் மே 1. தேர்வுகளும் அந்த வாரத்தையொட்டியே தொடங்குகின்றன. ஆகவே, எழுதப்போகும் தேர்வுக்குத் தம் கல்லூரி மதிப்பளிக்குமா என்பதை மாணவர் உறுதியாக அறியும்போது விலகினால் 40 டாலர் இழப்பு என்ற நிலையில்தான் இருக்கிறார். வசதியுள்ள குடும்பத்துக்கு இது சில்லறைச் செலவு. ஐந்து பாடத்துக்குப் பெயர் கொடுத்த வசதியற்ற மாணவருக்கு அப்படியன்று.

கட்டணத்தின் அமைப்பும் இங்கேயே விளக்கத்தக்கது. 2025ஆம் ஆண்டு மே மாதத் தேர்வுகளுக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் பொதுவாகத் தேர்வு ஒன்றுக்கு 99 டாலர். இந்தியா உள்ளிட்ட பிற நாடுகளில் 129 டாலர். அத்தொகையிலிருந்து பள்ளி தன் நிர்வாகச் செலவுக்காக 9 டாலரை வைத்துக்கொள்ளலாம். வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்குக் காலேஜ் போர்டு 37 டாலரைக் குறைக்கிறது. பள்ளியும் தன் 9 டாலரை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. எஞ்சிய 53 டாலரை யார் தருவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆர்கன்சா, புளோரிடா போன்ற மாநிலங்களில் அரசுப் பள்ளி மாணவருக்கு முழுக் கட்டணத்தையும் பொதுநிதியே ஏற்கிறது. 2015ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்கு முன் ஏழை மாணவரின் ஏ.பி. கட்டணத்துக்கென நடுவண் அரசு தனி மானியம் ஒதுக்கிவந்தது. அச்சட்டம் அதைப் பிற கல்வி மானியங்களோடு கலந்துவிட்டதால், அவ்வுதவி தொடர்வது அந்தந்த மாநிலத்தின் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று.

யார் பெயர் கொடுக்கலாம் என்பதைப் பள்ளி எப்படித் தீர்மானிக்கிறது என்ற வினாவுக்கு இரு எதிரெதிரான வரலாறுகள் உண்டு. நெடுங்காலம் பல பள்ளிகள் தேர்ந்தெடுத்த சிலரை மட்டுமே ஏ.பி. வகுப்பில் அனுமதித்தன. அப்போக்கை உடைத்த நிகழ்வாகக் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் கார்பீல்டு உயர்நிலைப் பள்ளியில் 1982இல் நடந்தது நினைக்கப்படுகிறது. பொலிவியாவிலிருந்து குடியேறிய ஹைமே எஸ்கலாந்தே என்ற கணித ஆசிரியர், மெக்சிக வழிவந்த உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் 18 பேரை நுண்கணிதத் தேர்வுக்கு அனுப்பினார்; அனைவரும் தேறினர். அவர்களுள் 14 பேரின் விடைகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதாகத் தேர்வை நடத்திய நிறுவனம் ஐயுற்றது. அவர்களில் 12 பேர் மறுதேர்வு எழுதி மறுபடியும் தேறினர். 1988இல் வெளிவந்த ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ திரைப்படம் இதனை உலகறியச் செய்தது. எஸ்கலாந்தேயைப் பற்றி நூல் எழுதிய இதழாளர் ஜே மேத்யூஸ், வாய்ப்பளித்தால் எந்த மாணவரும் முயல்வார் என்ற நம்பிக்கையில், பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் அளவுகோல் ஒன்றை வகுத்தார். 1998 முதல் ‘நியூஸ்வீக்’ இதழ் அதனை வெளியிட்டது. அதில் எண்ணப்பட்டது தேர்வு எழுதியவரின் தொகையே; தேறியவரின் தொகை கணக்கில் இல்லை. தேறியவரை எண்ணினால் பள்ளிகள் பலவீனமான மாணவரைத் தடுத்துவிடும் என்பது அவர் வாதம். அதன் மறுவிளைவாக, பெயர்ப்பட்டியலை நீட்டினாலே பள்ளியின் தரவரிசை உயரும் என்ற நிலை பிறந்தது; ஆயத்தமில்லாத மாணவரும் பட்டியலில் ஏற்றப்பட்டனர் என்ற குறை எழுந்தது. முன்பு பெயர் பெறுவதற்குப் போராட வேண்டியிருந்த தேர்வில், சில பள்ளிகளில் பெயர் கொடாமலிருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. இவ்வளவு பரவிய பின், 2018இல் வாஷிங்டன் வட்டாரத்தின் எட்டுத் தனியார் பள்ளிகள், சிட்வெல் பிரெண்ட்ஸ் பள்ளி உட்பட, 2022க்குள் ஏ.பி. பாடங்களைக் கைவிடப்போவதாக அறிவித்தன. தம் பாடங்கள் அதைவிட ஆழமானவை என்பது அவை கூறிய காரணம். எல்லோருக்கும் கிடைக்கும் ஒன்றால் இனி எவரையும் தனித்துக் காட்ட முடியாது என்பதும் அதில் அடங்கியிருந்தது எனலாம்.

தேர்வு நாளில் நிகழ்வதைச் சுருங்கக் கூறலாம். காலைத் தேர்வு 8 மணிக்கும் பிற்பகல் தேர்வு 12 மணிக்கும் அந்தந்த ஊர் நேரப்படி தொடங்கும். ஒரே வேளையில் இரு பாடங்கள் மோதினால் ஒன்றைப் பிற்பட்ட நாளில் எழுதக் கூடுதல் கட்டணம் இல்லை. 2025 முதல் பெரும்பாலான பாடங்கள் புளூபுக் என்னும் செயலி வழியாகக் கணினியில் நடத்தப்படுகின்றன. நுண்கணிதம் போன்ற பாடங்களில் வினாக்கள் திரையில் தோன்றும். கொள்குறி விடைகளைத் திரையிலும் விரிவான விடைகளைத் தாளிலும் தர வேண்டும். நுண்கணிதத் தேர்வில் 45 கொள்குறி வினாக்களும் 6 விரிவான வினாக்களும் உண்டு. 3 மணி 15 நிமிடம் நீளும் அதில் சில பகுதிகளில் மட்டும் கணிப்பானைப் பயன்படுத்தலாம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் வழக்கம் 2011இல் ஒழிந்ததால் எதையும் விடாமல் குறித்துவைப்பதே அறிவுடைமை. பெருந்தொற்றுக் காலமாகிய 2020இல் வீட்டிலிருந்தே 45 நிமிடத் தேர்வு எழுதியபோது, கைப்பேசியில் படமெடுத்த விடைத்தாள் ஏற்கப்படாத கோப்பு வடிவில் இருந்ததால் அனுப்ப முடியாமல் தவித்த மாணவர் பலர்.

விரிவான விடைகளை ஜூன் மாதத்தில் கல்லூரிப் பேராசிரியரும் ஏ.பி. ஆசிரியருமாக ஆயிரக்கணக்கானோர் திருத்துகின்றனர். இறுதி மதிப்பு 1 முதல் 5 வரையிலான எண்ணாக ஜூலையில் வெளியாகும். 3 என்பது தகுதி பெற்றமையையும் 5 என்பது மிக உயர்ந்த தகுதியையும் குறிக்கும். ஒரு கல்லூரிக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பும் சலுகை உண்டு. ஆனால் எந்தக் கல்லூரி என்பதை ஜூன் 20க்குள், அதாவது தம் மதிப்பெண்ணை அறியும் முன்னரே, மாணவர் குறிப்பிட வேண்டும். பதிவில் தொடங்கிய முன்கூட்டிய முடிவுகளின் வரிசையில் இதுவும் ஒன்று.

மூன்றாம் தரப்பாகிய கல்லூரியின் போக்கு ஒரே சீராக இல்லை. இல்லினாய், டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் 2015இல் இயற்றிய சட்டங்கள், 3 மதிப்பெண்ணுக்கும் கிரெடிட் வழங்குமாறு தம் அரசுக் கல்லூரிகளைப் பொதுவாகக் கட்டுப்படுத்துகின்றன. ஆதலால் உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர எண்ணும் மாணவர் நவம்பரில் பெயர் கொடுப்பதில் ஊகத்துக்கு இடம் குறைவு. தனியார் நிறுவனங்களில் நிலைமை வேறு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் நுண்கணிதத் தேர்வுகளுள் விரிவான பாடப்பரப்புடையதில் 5 பெற்றவருக்கு முதற்பருவ நுண்கணிதத்தில் விலக்களிக்கிறது, கால்டெக் ஏ.பி.க்குக் கிரெடிட் தருவதில்லை. டார்ட்மவுத் கல்லூரியின் உளவியல் துறை, ஏ.பி. உளவியலில் 5 பெற்ற நூற்றுக்கு மேற்பட்ட புதுமாணவருக்குத் தன் தொடக்கப் பாடத்தின் சுருங்கிய தேர்வை வைத்தபோது, 90 விழுக்காட்டினர் தேறவில்லை என்று அறிவித்தது. காலேஜ் போர்டு அச்சோதனையின் முறையைக் கேள்விக்குட்படுத்தியபோதும், 2014இல் சேர்ந்தோர் முதல் அக்கல்லூரி ஏ.பி. கிரெடிட்டை நிறுத்திவிட்டது.

கிரெடிட் கிடைத்தாலும் அதைப் பயன்படுத்துவது நன்றா என்பது தனிக் கேள்வி. மருத்துவக் கல்லூரிகள் பல, சேர்க்கைக்கு முன் முடித்திருக்க வேண்டிய உயிரியல், வேதியியல் பாடங்களுக்கு ஏ.பி. கிரெடிட்டை ஏற்பதில்லை, அவற்றைக் கல்லூரி வகுப்பிலேயே படித்திருக்க வேண்டும் என்கின்றன. அதனால், பள்ளியில் உயிரியலுக்குப் பெயர் கொடுத்து, கட்டணம் கட்டி, 5 பெற்று, கல்லூரி வழங்கிய கிரெடிட்டையும் வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு, முதலாண்டு உயிரியல் வகுப்பில் சேர்பவர் ஆண்டுதோறும் உள்ளனர்.